ரயிலும் கடிகாரமும்

ரயில் தாமதத்தைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் கதைகளுள் மிகப் பழையது ஒன்று உண்டு. சிற்றூர் நிலையம் ஒன்றுக்கு நாள்தோறும் காலந்தாழ்த்தே வரும் வண்டி, ஒருநாள் குறித்த நிமிடத்தில் வந்து நின்றது. மகிழ்ச்சி தாங்காத பயணி ஒருவர் பூமாலையுடன் ஓடிச்சென்று ஓட்டுநரின் கழுத்தில் இட முனைந்தார். ஓட்டுநரோ நாணத்துடன், “ஐயா, மாலை வேண்டாம், இது நேற்று வந்திருக்க வேண்டிய வண்டி” என்றாராம்.

கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய கதைதான். எனினும் சற்றே எண்ணிப் பார்த்தால் இதனுள் பெரியதொரு கேள்வி அடங்கியிருப்பது புலனாகும். நிலையத்துக் கடிகாரத்தை மட்டும் நோக்கியவருக்கு அது நேரந்தவறாத வண்டி. நாட்காட்டியையும் நோக்கியவருக்கு அது ஒரு முழுநாள் பிந்திய வண்டி. வண்டி ஒன்றே, அளவுகோல்தான் வேறு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ‘நேரந்தவறாமை’ என்னும் சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் இவ்வுண்மை நினைவுக்கு வரும். அச்சொல் எதிர்மறையாலானது. தவறுதல் இன்னதென்று வரையறுத்த பின்னரே, தவறாமை இன்னதென்று கூற இயலும். அந்த வரையறை நம் நாட்டில் எவ்வாறு உருவாயிற்று, அது யாருடைய வசதியை முன்னிட்டு உருவாயிற்று என்பவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

தாமதத்தை அளப்பதற்கு முதலில் வேண்டுவது பொதுவானதொரு நேரம். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு இந்தியாவின் முதல் பயணி ரயில் சென்றபோது, அத்தகைய பொது நேரம் நம் நாட்டில் இருந்ததில்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கித் தென்னகத்தின் முதல் பயணி வண்டி புறப்பட்டபோதும் நிலைமை அதுவே. சூரியன் உச்சிக்கு வரும் வேளை எதுவோ, அதுவே அந்த ஊருக்கு நண்பகல். பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகிறது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்தரை டிகிரி தீர்க்கரேகை வேறுபாடு இருத்தலின், கல்கத்தாவில் நண்பகல் ஆகும்போது பம்பாயில் பதினொரு மணிக்குச் சற்று முன்பாகவே இருக்கும். மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் பயணம் செய்த காலத்தில் இந்த வேறுபாட்டால் எவருக்கும் இடர் விளையவில்லை. பல வாரம் நடந்து சேரும் ஊரில் ஒரு மணி நேரம் முன்னதாயினும் பின்னதாயினும் என்ன?

ரயில் அந்த நிம்மதியைக் குலைத்தது. 1870ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கிழக்கிலிருந்து வந்த ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் பாதையும் மேற்கிலிருந்து வந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் பாதையும் ஜபல்பூரில் ஒன்றாக இணைந்தன. பம்பாயில் ஏறியவர் கல்கத்தா வரை தண்டவாளத்தின் மீதே செல்லலாம் என்றாயிற்று. இனி அவ்வண்டி எந்த ஊரின் நேரப்படி ஓடுவது? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் வெவ்வேறு கடிகாரங்களை நம்பி ஓடினால் நேர்வது தாமதம் அன்று, பெருவிபத்து. ஆகவே பொது நேரம் என்பது பயணியின் வசதிக்காக மட்டும் வேண்டப்பட்டதன்று, உயிர்க்காப்புக்காகவும் வேண்டப்பட்டது.

இக்கேள்விக்கு விடை சென்னையிலிருந்து கிடைத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் வான ஆராய்ச்சி நிலையம் ஒன்றைக் கட்டி முடித்தனர். தொலைநோக்கியைத் தாங்கிய அதன் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறிக்கப்பட்ட எழுத்துக்களுடன் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. அங்குப் பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் என்பார் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீனிச் நேரத்தினும் ஏறத்தாழ ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முற்பட்டது. தந்திக் கம்பிகள் நாடெங்கும் பரவியபின், அந்நிலையத்தின் கடிகாரத்திலிருந்து நேரக்குறி தந்தி வழியே தொலைதூரங்களுக்கு அனுப்பப்பட்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்தது சென்னையின் தீர்க்கரேகை. துல்லியமான நேரத்தைத் தரவல்ல நிலையமும் அங்கேயே இருந்தது. இவ்விரு காரணங்களால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தையே தம் நேரமாகக் கொண்டன.

ஆனால் ரயில்வேயின் நேரம் வேறாகவும் ஊரின் நேரம் வேறாகவும் இருந்த காலம் அது. கல்கத்தாவாசி ஒருவர் தம் வீட்டுக் கடிகாரத்தில் ஒன்பது மணி பார்த்து ஹௌரா நிலையத்துக்கு வந்தால், அங்கே சென்னை நேரப்படி எட்டு மணி இருபத்தேழு நிமிடந்தான் ஆகியிருக்கும். அவர் அரைமணிக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதே, வேறு இழப்பில்லை. பம்பாய்வாசியின் நிலையோ இதற்கு நேர்மாறு. அவருடைய கடிகாரத்தில் ஒன்பது அடிக்கும்போது நிலையத்தில் ஒன்பதரை ஆகிவிட்டிருக்கும். ஒன்பது மணி வண்டி அவரை விட்டுவிட்டுப் போயிருக்கும். வண்டியும் தவறவில்லை, மனிதரும் தவறவில்லை; இரண்டு நேரங்கள் தம்முள் மாறுபட்டன, அவ்வளவே. 1881ஆம் ஆண்டு பம்பாய் அரசாங்கம் அந்நகருக்குச் சென்னை நேரத்தைப் புகுத்த முயன்றபோது மக்கள் கடுமையாக எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. தம் ஊர்ச் சூரியனை மறுத்து வேறோர் ஊரின் மணியை ஏற்பதற்கு அந்நகர மக்கள் உடன்படவில்லை.

1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகையே இதற்கு அடிப்படை. சென்னை நேரத்தினும் இது ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தியது. அப்போதும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் உள்ளூர் நேரத்தை விட்டுவிடவில்லை. நாடு முழுவதும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கும் வழக்கம், விடுதலைக்குப் பின்னரே நிறைவெய்தியது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம்.

பொது நேரம் வந்தபின், அதை ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்றுபோலப் பேணுவது அடுத்த வேலை. இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் இதற்கென நேர்த்தியான ஏற்பாடு உள்ளது. நாள்தோறும் பதினாறு மணிக்கு, அதாவது மாலை நான்கு மணிக்கு, முக்கிய நிலையங்கள் யாவற்றுக்கும் பொது நேரம் அறிவிக்கப்பட வேண்டும். வண்டி புறப்படும் இடத்தில் கார்டு தம் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்துடன் ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அவர் அந்நேரத்தை ஓட்டுநருக்குச் சொல்ல, ஓட்டுநரும் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கார்டு என்று நாம் பழகிய அவ்வூழியரின் பதவிக்கு 2022 முதல் ‘ட்ரெயின் மேனேஜர்’ என்பது பெயர், கடமை மாறவில்லை. மற்றொரு விதியும் குறிப்பிடத்தக்கது: அறிவித்த நேரத்துக்கு முன்பாக எந்தப் பயணி வண்டியையும் நிலையத்திலிருந்து அனுப்பலாகாது. பிந்திப் புறப்படும் வண்டியைப் பயணி காத்திருந்தாவது பிடிக்கலாம். முந்திப் புறப்பட்டுவிட்ட வண்டியை எவ்வாறு பிடிப்பது?

இவ்வாறு கடிகாரம் ஒன்றானபின் எஞ்சியது பதிவு. ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டிகள் வந்த, போன நேரங்களைப் பதிவேட்டில் குறித்தார். வண்டியிலிருந்த கார்டும் தம் குறிப்பேட்டில் அதையே எழுதிவந்தார். கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அமர்ந்த கன்ட்ரோலர் இவற்றைத் தொலைபேசியில் கேட்டு, பெரியதொரு தாளில் பென்சிலால் கோடுகளாக வரைந்தார். தாளின் அகலவாட்டில் நேரம். உயரவாட்டில் நிலையங்களின் வரிசை. விரைந்து செல்லும் வண்டியின் கோடு செங்குத்தாக நிமிர்ந்து செல்லும். மெல்லச் செல்லும் வண்டியின் கோடு சாய்ந்து செல்லும். வண்டி நின்றுவிட்டால் கோடு படுத்துவிடும். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டுமாயின், ஏதேனும் ஒரு நிலையத்தில்தான் வெட்டலாம். ஒரு வண்டி பத்து நிமிடம் பிந்தினால், அதற்கு வழிவிட வேண்டிய வண்டிகளின் கோடுகளும் ஒவ்வொன்றாக வலப்புறம் நகர்வதை அத்தாளில் கண்ணால் காணலாம். தாமதம் தொற்று நோயைப் போலப் பரவுவது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்று அக்கோடுகளைக் கணினி வரைகிறது. அவற்றைப் படிக்கும் முறை மட்டும் மாறவில்லை.

பதிவுகள் நிறைந்தபின் ‘தாமதம்’ என்பதற்கு வரையறை வகுக்க வேண்டியதாயிற்று. அளவுகோல் பயணியின் பார்வையிலிருந்து சற்றே விலகிச் சென்ற இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

நெடுந்தூர வண்டி தன் இறுதி நிலையத்துக்குக் குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால், அது நேரந்தவறாத வண்டியாகக் கணக்கில் ஏறுகிறது. மும்பையிலிருந்து ஹௌரா செல்லும் வண்டி ஒன்று இட்டார்சிக்கு இரண்டு மணி பிந்தி வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கு இறங்கி வேறு வண்டியில் ஏற வேண்டியவர் அவ்வண்டியைத் தவறவிட்டு, இரவெல்லாம் நடைமேடையில் கழிக்கிறார். இதற்கிடையில் முதல் வண்டி, கால அட்டவணையில் இடையிடையே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் உபரி நிமிடங்களைப் பயன்படுத்திக்கொண்டு, ஹௌராவுக்குப் பத்து நிமிடத் தாமதத்துடன் சேர்ந்துவிடுகிறது. கணக்கில் அது நேரந்தவறாத வண்டி. இட்டார்சியில் விழித்திருந்தவருக்கு அக்கணக்கில் இடமேயில்லை.

உபரி நிமிடங்கள் வேண்டாதவை என்று நாம் சொல்ல வரவில்லை. பாதையில் பழுதுபார்ப்பு நடக்கும், வேகத்தடை இருக்கும், வடநாட்டில் குளிர்காலத்து மூடுபனி கண்ணை மறைக்கும். இவற்றை ஈடுசெய்யச் சிறிது நேரத்தை ஒதுக்குவது அறிவுடைமையே. ஆனால் அந்த நிமிடங்கள் இறுதி நிலையத்துக்கு அருகே குவிக்கப்படுவதுதான் நோக்கற்பாலது. முனையத்துக்கு முந்திய நிலையத்திலிருந்து முனையத்துக்குச் செல்ல அட்டவணையில் குறித்திருக்கும் நேரத்தையும், அதே தூரத்தை எதிர்த்திசையில் கடக்கக் குறித்திருக்கும் நேரத்தையும் நேயர்கள் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தூரம் ஒன்றேயாயினும் நேரம் பெரிதும் வேறுபடுவதைப் பல வண்டிகளில் காண்பீர்கள். எங்கே அளக்கிறார்களோ அங்கேதான் நிமிடங்களும் சென்று குவிகின்றன.

ரயில்வேயின் புள்ளிவிவரங்களில் மற்றுமோர் அளவுண்டு. ஒரு வண்டி தன் எல்லைக்குள் நேரம் இழந்ததா, இல்லையா என்று ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் கணக்கிடுகிறது. இரண்டு மணி பிந்தி எல்லைக்குள் நுழைந்த வண்டி, அதே இரண்டு மணித் தாமதத்துடன் வெளியேறினால், அம்மண்டலம் நேரம் இழக்கவில்லை. நிர்வாகத்துக்கு இக்கணக்கு இன்றியமையாதது. பழி எவருடையது என்று அறிந்தால்தானே திருத்த முடியும்? ஆனால் பயணி மண்டலங்களில் பயணம் செய்வதில்லை. ஊருக்குப் பயணம் செய்கிறார். அவருடைய இரண்டு மணி நேரம் யார் எல்லையில் தொலைந்தது என்பது அவருக்கு ஆறுதலாகாது.

பிற நாடுகளும் இக்கேள்விக்கு ஒரே விடையைக் கண்டுவிடவில்லை. செருமனியில் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதம் தாமதமாகாது. ஆனால் அடியோடு நிறுத்தப்பட்ட வண்டி அக்கணக்கில் வருவதேயில்லை. சுவிட்சர்லாந்தில் வரம்பு மூன்று நிமிடம். அங்கே வண்டிகளை எண்ணுவதோடு அமையாமல், எத்தனை பயணிகள் நேரத்துக்குச் சேர்ந்தனர் என்றும் எண்ணுகின்றனர். பிரிட்டனில் நெடுங்காலம் இறுதி நிலையத்தில் மட்டும் ஐந்து அல்லது பத்து நிமிட வரம்புடன் அளந்து வந்தனர். 2019 முதல், வழியில் பதிவாகும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிட வரம்புடன் அளந்து வெளியிடுகின்றனர். ஒரு நாட்டின் சதவிகிதத்தை மற்றொரு நாட்டின் சதவிகிதத்தோடு அப்படியே ஒப்பிட்டுப் பெருமையோ சிறுமையோ கொள்வது பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு ஒரு முக்கியமான மாறுதல் நிகழ்ந்தது. அதுவரை மனிதர் கையால் குறித்து வந்த நேரங்களுக்கு மாறாக, முனையங்களிலும் மண்டலங்கள் சந்திக்கும் இடங்களிலும் சிக்னல் கருவியோடு இணைந்த டேட்டா லாகர் என்னும் பொறி வண்டியின் வருகையைத் தானே பதியத் தொடங்கியது. கையால் எழுதும்போது சில நிமிடங்களை முன்பின்னாக எழுத இடமுண்டு. பொறிக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைப்படி, 2012-13இல் நூற்றுக்கு 79ஆக இருந்த மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் நேரந்தவறாமை 2018-19இல் 69.23ஆகக் குறைந்தது. அவ்வாண்டுகளில் தண்டவாளம் புதுப்பிக்கும் பணிகள் மிகுந்திருந்ததும் ஒரு காரணம். ஆகவே இக்குறைவில் வண்டிகளின் உண்மையான பின்னடைவு எவ்வளவு, முன்பு மறைந்திருந்த தாமதம் வெளிப்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. இருப்பினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். நோயாளியின் காய்ச்சலைச் சரியாகக் காட்டிய வெப்பமானியை எவரும் குறை கூறமாட்டார். நேர்மையான அறுபத்தொன்பது, ஐயத்துக்கிடமான எழுபத்தொன்பதினும் மேலானது.

இனி எதிர்ப்புறத்து எடுத்துக்காட்டு ஒன்றையும் காண்போம். 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இந்திய ரயில்வேயில் நூற்றுக்கு நூறு வண்டிகளும் நேரத்துக்கு ஓடின. இத்தகைய சாதனை அதுவே முதல் முறை. ஆனால் அன்று ஓடிய வண்டிகள் 201 மட்டுமே. பெருந்தொற்றுக் காலமாதலின், வழக்கமாக ஓடும் பல்லாயிரம் வண்டிகள் நின்றுபோயிருந்தன. பாதைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அன்றைய சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது ஓர் உண்மையை மெய்ப்பித்தது: தாமதத்தின் வேர் பெரும்பாலும் ஊழியரின் சோம்பலில் இல்லை, தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகளைச் சுமக்கும் பாதைகளில் இருக்கிறது. அதே வேளையில், நூற்றுக்கு நூறு என்ற எண் மக்களுக்குக் கிட்டிய பயனைத் தனியே நின்று காட்டிவிடாது என்பதையும் அது உணர்த்தியது.

அளவுகோல் தளர்ந்திருந்தால் பயணிக்கு இழப்பு என்றோம். அது அளவுக்கு மீறி இறுகினாலும் கேடு உண்டு. நிமிடந்தவறாமைக்குப் பேர்பெற்ற ஜப்பானில், 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அமாகசாகி நகரில் ஒரு பயணி வண்டி தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தின் மீது மோதியது. ஓட்டுநர் உட்பட 107 பேர் மாண்டனர். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் வண்டி 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. அப்போது அவ்வண்டிக்கு இருந்த தாமதம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். பிழை செய்த ஓட்டுநர்களை இழிவுபடுத்தும் தண்டனைப் பயிற்சி அக்கம்பெனியில் வழக்கத்தில் இருந்தது. அதைப் பற்றிய அச்சம் அவ்விளைஞரின் கவனத்தைச் சிதறச் செய்திருக்கக்கூடும் என்று விசாரணைக் குழு கருதியது. ஒரு நிமிடத்தை மீட்கச் சென்ற இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மூடுபனியில் மெதுவாக வரும் வண்டியில் அமர்ந்து நாம் முணுமுணுக்கும்போது இதனையும் நினைவில் கொள்ள வேண்டும். பாதுகாப்புக்காக இழந்த நிமிடம் இழப்பாகாது. அதற்கும் கணக்கில் தனியிடம் அளிப்பதே முறை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் நமக்குத் தோன்றுவது இதுதான். ரயில்வே தன் கடிகாரத்தை முதலில் தன் வண்டிகளின் மோதலைத் தவிர்க்கவே ஒருமைப்படுத்தியது; பின்னர் தன் துறைகளுக்குள் பொறுப்பைப் பகிரவே தாமதத்தைப் பதிந்தது. இரண்டும் நியாயமான நோக்கங்களே. ஆனால் எதை அளக்கிறோமோ அதையே நிர்வாகம் பேணும் என்பது உலக இயல்பு. இறுதி நிலையத்தை மட்டும் அளந்தால் இறுதி நிலையம் மட்டும் பேணப்படும். வழியிலுள்ள ஒவ்வொரு முக்கிய நிலையத்திலும் அளந்து, அவ்வெண்களை மக்கள் காண வெளியிட்டால், இட்டார்சியில் இறங்குபவரும் ஜபல்பூரில் இறங்குபவரும் கணக்கில் இடம் பெறுவர். பொறிகள் நேரங்களைப் பதிகின்றன. கணினிகள் அவற்றைச் சேர்த்து வைக்கின்றன. கருவிக்குக் குறைவில்லை, வேண்டுவது எந்த இடத்தில் அளப்பது என்னும் முடிவு ஒன்றே.

நம் வீடுகளில் வானொலியின் நேரக்குறியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திய தலைமுறைகள் உண்டு. அந்தச் சிறு ஒலியை நாம் நம்பியதற்குக் காரணம், அது எவருக்கும் சலுகை காட்டாதது என்பதே. ரயில் தாமதத்தின் கணக்கும் அவ்வாறே அமையுமாயின், அந்தச் சிற்றூர் நிலையத்துப் பயணி தம் மாலையுடன் மீண்டும் வரலாம். ஓட்டுநரும் நாணமின்றித் தலை தாழ்த்தி அதை ஏற்றுக்கொள்ளலாம்.